கிழக்கே ஒரு சங்கு

“யாருமே கேக்கலேன்னா அந்தச் சத்தம் எங்க போவும் அத்தா?”

அஃபீபா இதைக் கேட்டபோது அவளுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்த வயது. செவ்வாய்ப்பேட்டையில், கடைக்கு மேல்மாடியில் இருந்த வீட்டில், அவள் அத்தா கரீம் பாஷா ரேடியோவின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவள் அவர் முதுகில் தொற்றிக்கொண்டு ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தைப் பிடுங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தாள். மழை பெய்வதைப் போன்ற இரைச்சல். அந்த இரைச்சலுக்கு அடியில், கிணற்றுக்குள் நின்று யாரோ பேசுவதைப் போல ஒரு குரல். என்ன மொழி என்று அவருக்கே தெரியாது. அந்தக் குரல் கடலுக்கு அப்பால் ஒரு கோபுரத்திலிருந்து கிளம்பி, வானத்தில் முட்டிக் கடலில் விழுந்து, கடலில் பட்டு மறுபடியும் வானத்துக்கு எழும்பி, அப்படியே தத்தித் தத்தி நம் வீட்டு ஜன்னல் கம்பிக்கு வந்து சேர்கிறது என்று கையை மேலும் கீழும் ஆட்டிச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் அவள் இதைக் கேட்டாள்.

“அல்லாவுக்குத்தான் தெரியும் கண்ணு.”

“அப்ப அல்லா கேப்பானா?”

“அவன் எல்லாத்தையும் கேப்பான்.”

“அப்ப சரி,” என்று இறங்கி விளையாடப் போய்விட்டாள்.

அவளுக்கு அந்தப் பதில் போதும். அவருக்குத்தான் போதவில்லை. அஃபீபா வளர்ந்து, படித்து, கல்யாணமாகிக் கோயம்புத்தூருக்குப் போய், அவள் பெண்ணுக்கே இப்போது பல் விழத் தொடங்கிவிட்டது. கேள்வி மட்டும் இவரோடு தங்கிவிட்டது. மிளகாய் மூட்டையைப் பிரித்துக் கையில் அள்ளி வாடிக்கையாளருக்குக் காட்டிக்கொண்டிருக்கும்போது, சில நாள் தொழுகை முடித்து எழும்போது, திடீரென்று வந்து எதிரே நிற்கும்.

மல்லி, மிளகாய், புளி, கடுகு என்று மொத்த வியாபாரம் அவருக்கு. கடையில் அவரைப் பார்க்கிற யாரும் இந்த மனிதருக்கு இப்படி ஒரு கிறுக்கு இருக்கும் என்று நினைக்க மாட்டார்கள். சிற்றலை வானொலியில் தூர தேசத்து நிலையங்களைத் தேடிப் பிடிப்பதுதான் அது. பலமாக, தெளிவாக வருகிற நிலையங்களில் அவருக்கு அக்கறை இல்லை. எது மெலிந்து, தேய்ந்து, இதோ விழுந்துவிடுவேன் என்று தள்ளாடிக்கொண்டு வருகிறதோ அதன்மேல்தான் ஆசை. பிடித்துவிட்டால், என்ன பாட்டு கேட்டது, ஆண் பேசினாரா பெண் பேசினாரா, இரைச்சல் எவ்வளவு என்று எழுதி அனுப்புவார். ஆமாம், நீங்கள் கேட்டது எங்களைத்தான் என்று அந்த நிலையத்தார் ஒரு வண்ண அட்டை அனுப்புவார்கள். அலைவரிசையில் நிலையம் இருக்கும், ஆனால் பேச்சோ பாட்டோ இருக்காது என்பதும் உண்டு. அப்போது இரைச்சல் மட்டும் கொஞ்சம் அமுங்கும். இருட்டு அறையில் ஒருவர் பேசாமல் நின்றால் நமக்குத் தெரிகிறதல்லவா, அந்த மாதிரி. அதைக்கூட அவர் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருப்பார்.

“போன்ல தொட்டா பக்கத்துல ஒக்காந்து பேசற மாதிரி கேக்குது. இவரு என்னடான்னா கொர்ருனு கேக்கறதத்தான் ஆசையாக் கேப்பாரு,” என்பாள் அவர் மனைவி அமீனா பீவி.

“போன்ல வர்றத நாலு கம்பெனிக்காரன் தோள் மேல தூக்கியாந்து எறக்கறான் அமீனா. இது தானா நடந்து வருது.”

“நடந்து நடந்து களைச்சுப் போயித்தான் பேச்சே வர மாட்டேங்குதாக்கும்.”

செவ்வாய்ப்பேட்டையில் அது நடந்து வருகிற வழியே அடைபட்டுப் போயிருந்தது. ஒவ்வொரு எல்.ஈ.டி. விளக்கும், இன்வெர்ட்டரும், போன் சார்ஜரும் தனக்கென்று ஒரு இரைச்சலைக் காற்றில் கொட்டுகின்றன. மனிதக் காதுக்குக் கேட்காது, ரேடியோவுக்குக் கேட்கும். எதிர்த் துணிக்கடைக்காரர் பெயர்ப் பலகைக்குச் சரவிளக்கு போட்ட நாளிலிருந்து பாதி உலகம் அவருக்கு மறைந்துவிட்டது. மாதம் ஒருமுறை பராமரிப்பு என்று பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்தும்போது பேட்டை முழுதும் வியர்த்துக்கொண்டு சலித்துக்கொள்ளும். கரீம் பாஷா மட்டும் கடையை ஆட்களிடம் விட்டுவிட்டு மாடிக்கு ஓடுவார். “ஊரே வேகுது, இவருக்கு மட்டும் பெருநாளு,” என்று அமீனா ஓலை விசிறியோடு அடுப்படியில் முணுமுணுப்பாள்.

அப்படி இருந்தவருக்குத்தான் சின்னுசாமியின் காடு கிடைத்தது. பனமரத்துப்பட்டி ஏரிக்கரை ஓரமாக அவருக்கு மரவள்ளிக் கிழங்கு விளைகிற காடு. மகள் தனப்பிரியாவின் கல்யாணத்துக்கு மளிகை வாங்க வந்தவர், மேஜைமேல் இருந்த ரேடியோவைப் பார்த்து என்னவென்று விசாரித்தார். பேச்சோடு பேச்சாக, கரண்டுக் கம்பி பக்கத்தில் இல்லாத ஒரு வரப்பு இருந்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்துவிட்டுப் போவேன் என்றார் கரீம் பாஷா.

“ஏனுங்க பாய், ரேடியோ கேக்கறதுக்கு எதுக்குங்க காடு?” என்று சின்னுசாமி சிரித்தார். பிறகு, “வாங்க. வேப்பமரம் இருக்குது, நெழல் இருக்குது. ரேடியோ பாடலீன்னாலும் கொக்கு பாடும்,” என்றார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வேப்பமரத்துக்கும் தள்ளி நின்ற பனைமரத்துக்கும் இடையே செம்புக் கம்பியை இழுத்துக் கட்டி, ஹெட்ஃபோனை மாட்டியவர், ரேடியோ கெட்டுவிட்டது என்றே நினைத்தார். அவ்வளவு அமைதி. மெல்லத் திருப்பினார். பேட்டை வெளிச்சத்திலிருந்து ஏரிக்கரைக்கு வந்து முதல்முறையாக வானத்தைப் பார்ப்பவனுக்கு நட்சத்திரங்கள் எப்படி இருக்கும்? நகத்தளவு திருப்பினால் ஒரு தேசம். இன்னொரு நகத்தளவில் இன்னொரு தேசம். யாரோ ஒரு பெண் செய்தி படித்தாள். யாரோ ஒரு கிழவர் கம்பி வாத்தியத்தை மீட்டினார். இவர்களெல்லாம் இத்தனை நாளும் இங்கேதான், இந்த மரவள்ளி இலைகளின் மேலேதான் பேசிக்கொண்டும் பாடிக்கொண்டும் இருந்திருக்கிறார்கள். அன்று மாலை வீடு திரும்பும்போது டவுன் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் இறைவனுக்கு நன்றி சொன்னார். தனக்காக அவன் ஓரிடத்தில் மௌனத்தை ஒதுக்கி வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார். தன்னைப் போன்ற கிறுக்கு நண்பர்களிடமும் அப்படித்தான் சொன்னார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு சின்னுசாமி காட்டைச் சுற்றி சோலார் வேலி போட்டார். ஏரி முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்க, அதற்குள் காட்டுப்பன்றிகள் குடியேறிவிட்டிருந்தன. கம்பியைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கும், உயிருக்கு ஆபத்தில்லை. வேலி போட்ட முதல் ஞாயிறு, ஹெட்ஃபோனில் டிக், டிக் என்று ஓயாத ஒரு சத்தம். நெஞ்சுத் துடிப்பைப் போல ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழுந்தது. “என்னமோ டிக்டிக்குனு கேக்குதுண்ணா,” என்று சின்னுசாமியிடம் சொன்னார். அடுத்த வாரம் அது இல்லை. “வேலிய ராத்திரிக்கு மட்டுந்தானுங்க போடறது,” என்றார் சின்னுசாமி. அதோடு அதை மறந்தே போனார்.

இந்த வருடம் அவருக்கு ஒரே ஒரு தேடல்தான். பசிபிக் கடலில், வரைபடத்தில் கடுகு சிந்தியதைப் போலக் கிடக்கும் தீவுக் கூட்டம் ஒன்றில், ஒரு சின்ன வானொலி நிலையம். அவர்களுக்கு நடுச்சாமம் ஆகும்போது நமக்கு விளக்கு வைக்கிற நேரம். நாள் முடிந்து நிலையத்தை மூடும்முன், அந்தத் தீவு வழக்கப்படி ஒரு பெரிய கடற்சங்கை ஊதுவார்களாம். கடலில் படகோடு தங்கியிருப்பவர்களுக்கு, நாங்கள் தூங்கப் போகிறோம், நீங்கள் பத்திரமாக இருங்கள் என்று அர்த்தமாம். அந்தச் சங்கைக் கேட்டுவிட்டால் வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. ஆனால் வெளிச்சம் இருக்கும்வரை அந்த அலைவரிசை இவ்வளவு தூரம் வராது. இருட்டு அங்கிருந்து கிளம்பி, கடலைக் கடந்து, பனமரத்துப்பட்டிக்கு வந்து சேர வேண்டும். அந்த இருட்டின்மேல் ஏறித்தான் குரல் வரும். பொழுது சீக்கிரம் விழுகிற குளிர்கால மாதங்களில்தான் அது நடக்கும். சூரியன் மறைவதற்கும் அவர்கள் நிலையத்தை மூடுவதற்கும் நடுவில் கிடைப்பது கொஞ்ச நேரம். அதிலும் மஃரிப் தொழுகை வந்துவிடும். அதை ஒருநாளும் அவர் தள்ளிப் போட்டதில்லை. தொட்டித் தண்ணீரில் கை, முகம், கால் கழுவி ஒளு செய்து, மேற்கே பார்த்துத் தொழுது, சலாம் கொடுத்த கையோடு கிழக்கே திரும்பி ஹெட்ஃபோனை மாட்டுவார்.

ஆத்தாயி, சின்னுசாமியின் மனைவி, ஒருநாள் அதை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தாள்.

“மழ பேயற மாதர இருக்குதுங்க. இதுக்கா பாய் சேலத்துல இருந்து பஸ்ஸேறி வாரீங்க?”

“அந்த மழைக்குப் பின்னால சங்கு ஊதுவாங்கம்மா. அதுக்குத்தான்.”

“அங்கயும் சங்கு ஊதறாங்களா? அப்பக் கேட்டுப்போட்டுத்தான் போகோணும். அதுக்குள்ள இந்த மோரக் குடிச்சுருங்க.”

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, அந்த மழைக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. பலர் சேர்ந்து பாடுகிற பாட்டின் நிழல். சொற்கள் இல்லை, ஏற்ற இறக்கம் மட்டும். கண்ணை மூடிக் கையால் ஹெட்ஃபோனை அழுத்திப் பிடித்துக்கொண்டார். சங்கு வருவதற்குள் அலை இறங்கிவிட்டது. கண் திறந்து பார்த்தபோது காடு இருட்டிக் கிடந்தது. உலகத்தின் மறுகரையைத் தொட்டுவிட்டு வந்தவர்போல எழுந்து வீட்டுக்குப் போனார்.

கார்த்திகையில், வியாபாரிகள் சங்கம் கடையடைப்பு நடத்திய ஒரு புதன்கிழமை அவர் சொல்லாமல் கிளம்பி வந்தார். சின்னுசாமி வீடு பூட்டியிருந்தது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மாட்டியதும் டிக், டிக், டிக். கம்பியை அவிழ்த்து மறுபடி கட்டினார். பேட்டரியை மாற்றினார். சூரியன் இன்னும் பனைமரத்து உயரத்தில் இருந்தது. அப்போதுதான் டீசல் மோட்டார் அறைச் சுவரில் இருந்த வேலிப்பெட்டி கண்ணில் பட்டது. அதன் சிவப்பு விளக்கு ஒவ்வொரு டிக்குக்கும் சரியாக மினுக்கியது.

பக்கத்துக் காட்டுச் செல்லாயி ஆடுகளை ஓட்டிக்கொண்டு வரப்பில் வந்தாள்.

“ஏம்மா, வேலி ராத்திரிக்கு மட்டுந்தானே போடுவாங்க?”

“ஆரு சொன்னா? பொழுது சாயறதுக்கு முன்னாலயே போட்டுருவாங்க பாய். பன்னி ஏரியில இருந்து அந்நேரத்துக்குத்தானுங்க கெளம்பும். ஞாயித்துக்கெழம ஒரு நாளுதான் நிறுத்தி வெக்கறது.”

“ஞாயித்துக்கிழமை எதுக்கு நிறுத்தணும்?”

இவர் விளையாடுகிறாரா என்று செல்லாயி அவர் முகத்தைப் பார்த்தாள். “நீங்க வாரதுக்குத்தானுங்க. டிக்கு டிக்குனு கேக்குதுன்னு சொன்னீங்களாமா. ஐப்பசியில அப்புடித்தான் நிறுத்தி வெச்சு, பன்னி அந்தக் கோடியில பூந்து கெழங்கு பூராத்தையும் கெளறிப்போட்டுப் போயிருச்சு. நீங்க இங்கதானுங்களே காதுல மாட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தீங்க. உங்களுக்குக் கேக்கலீங்களா?”

ஆடுகள் நகர்ந்தன. அவளும் போய்விட்டாள்.

கரீம் பாஷா காட்டின் அந்தக் கோடிக்கு நடந்து போனார். மண் இன்னும் குழிகுழியாகக் கிடந்தது. பிடுங்கிப் போட்ட குச்சிகள் காய்ந்து கறுத்திருந்தன. கடலுக்கு அப்பால் பாடினவர்களைக் கேட்ட காது, ஒரு கூப்பிடு தூரத்தில் பன்றி கிழங்கைக் கடித்ததைக் கேட்கவில்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. ஆத்தாயி வழக்கம்போல மோர் கொண்டுவந்தாள். சொம்பைக் கொஞ்சம் அழுத்தி வைத்தாள், அவ்வளவுதான். சின்னுசாமி, “பாட்டு எதாச்சும் ஆப்புட்டுச்சுங்களா பாய்?” என்று கேட்டார். அன்றும் அமைதியாகத்தான் இருந்தது. இறைவன் ஒதுக்கிக் கொடுத்தான் என்று நினைத்த அந்த மௌனம், ஒரு மனிதன் வாராவாரம் நடந்து போய் ஒரு சுவிட்சை இறக்கியதால் வந்தது.

அடுத்த இரண்டு ஞாயிறும் அவர் போகவில்லை. அமீனாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். கிழங்குக்கு ஈடாக ஏதாவது கொடுத்துவிடலாமா என்று கேட்டார். அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

“கொண்டுபோய்க் குடுத்தா அவரு என்ன நெனப்பாரு? மறச்சு மறச்சு செஞ்சது தெரிஞ்சுபோச்சேன்னு கூசிப் போவாரு. அவரு வாய் தெறக்காம செஞ்சத நீங்க வாயத் தெறந்து கெடுக்காதீங்க.”

“அப்ப நான் என்னதான் செய்யறது?”

“அல்லா ஒரு வழி வெப்பான். அது வர்ற அன்னிக்குக் காதுல மாட்டிக்கிட்டு இருந்துறாதீங்க, அவ்வளவுதான்.”

மார்கழி பிறந்ததும் அஃபீபா போன் செய்தாள். “அத்தா, உங்க தீவுக்காரங்க சிற்றலைய நிறுத்தறாங்களாம். வருசக் கடைசியோட. மெஷினு பழசாப் போச்சாம். இனிமே போன்ல மட்டுந்தானாம்.” பிறகு, “நீங்க அந்தச் சங்கக் கேட்டீங்களா?” என்றாள்.

இன்னும் இல்லை என்றார். கடையை விட்டுவிட்டு அவர் போகக்கூடிய ஞாயிறு ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

அன்று மாலையே சின்னுசாமியும் கூப்பிட்டார். “ஏனுங்க பாய், ஆளையே காணோம்? ஊட்டுல ஆத்தாயி கேட்டுக்கிட்டே இருக்கறா.”

“வேலி போட்டிருப்பீங்க. எதுக்குத் தொந்தரவுன்னுதான்ணா.”

“அட, அந்தப் பொட்டியவா சொல்றீங்க? அது பேட்டரி செத்துக் கெடக்குதுங்க. ஞாயித்துக்கெழம ஆனா நின்னுக்குது. நீங்க வாங்க.”

ஞாயிற்றுக்கிழமைதோறும் சாகிற பேட்டரி. கரீம் பாஷாவுக்குச் சிரிப்பு வந்தது. “வாரேண்ணா,” என்றார்.

அந்தக் கடைசி ஞாயிறு பகலில் மறுபடி போன். சின்னுசாமி நாமக்கல்லில் இருந்தார். தனப்பிரியாவுக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஆத்தாயியும் கூடவே போய்விட்டாள்.

“நீங்க போய்க் கேளுங்க பாய். மோருதான் கெடைக்காது. இருட்டுக் கட்டுனதும் செல்லாயி வந்து காட்டப் பாத்துக்குவா.”

“அந்தப் பேட்டரி?”

“அது செத்துத்தானுங்க கெடக்குது. காத்தால கெளம்பறப்பவே பாத்தேன்.”

மகள் வலியில் துடிக்க, வண்டிக்கு ஆள் அலைய, அந்த அவசரத்திலும் ஒருவர் மோட்டார் அறைக்குப் போய் சுவிட்சை இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். கிழங்கு முற்றி நின்றது. செவ்வாய்க்கிழமை பிடுங்க ஆள் வருகிறது என்று போன மாதமே சொல்லியிருந்தார்.

கரீம் பாஷா வெயில் தாழ வந்து சேர்ந்தார். கம்பியைக் கட்டினார். மோட்டார் அறைக்குப் போய்ப் பெட்டியின் முன்னால் நின்றார். சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. கை சுவிட்ச் வரைக்கும் போயிற்று. கொஞ்ச நேரம்தானே, அந்தச் சங்கு மட்டும் கேட்டுவிடட்டும் என்று திரும்பி வந்தார். அமீனா சொன்னது நினைவுக்கு வர, ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும் மாட்டுவது என்று முடிவு செய்துகொண்டார்.

சூரியன் ஏரிக்கு அப்பால் இறங்கியது. தொட்டித் தண்ணீர் குளிர்ந்திருந்தது. மேற்கே நின்று தொழுதார். கடைசியாகக் கையேந்தும்போது முகம் தெரியாத அந்தத் தீவுக்காரர்களையும், நாமக்கல்லில் ஒரு கட்டிலில் கிடக்கும் தனப்பிரியாவையும் சேர்த்துக்கொண்டார். பிறகு கிழக்கே திரும்பினார். அங்கே அடிவானத்திலிருந்து நீலமாக இருட்டு எழும்பி வந்துகொண்டிருந்தது. அது ஏற்கெனவே அந்தத் தீவுகளை மூடிவிட்டு, எத்தனையோ கடல்களையும் காடுகளையும் மூடிவிட்டு, இப்போது பனமரத்துப்பட்டிக்கு வருகிறது. அவர் ரேடியோவை நகத்தளவு திருப்பினார்.

இருந்தார்கள்.

முதலில் இரைச்சல் அமுங்கியது. பிறகு குரல். ஐப்பசியில் கேட்டதைப் போல நிழல் அல்ல. ஒரு பெண்ணின் குரல், முழுசாக. வயதானவளாக இருக்க வேண்டும். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வைத்து வைத்துப் பேசினாள். ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் விடைபெறுகிறாள் என்பது புரிந்தது. எந்த மொழியில் பேசினாலும் வாசல் வரை வந்து நிற்கிறவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். ஒரு அறையில், ஒரு மைக் முன்னால், அவள் விடுகிற மூச்சுகூட கேட்டது. அந்த மூச்சு வானத்தில் ஏறி, கடலில் விழுந்து, மறுபடி ஏறி, ஒரு வேப்பமரத்தில் கட்டிய செம்புக் கம்பியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. நடுவில் யாரும் அதைத் தாங்கிப் பிடிக்கவில்லை. இப்படி ஒரு வழியைக் காற்றுக்கு மேலே போட்டு வைத்தவனை நினைத்தார்.

அவள் பேச்சை நிறுத்தினாள். பாட்டு தொடங்கியது. பாட்டு முடிந்தால் சங்கு.

மறு காதில் மரவள்ளிச் செடி முறிகிற சத்தம் விழுந்தது.

எழுந்து நின்றார். ஏரிப்பக்கம் கறுப்பாக ஒன்று அசைந்தது. அதன் பின்னால் சின்னதாக இன்னும் சில. கையைத் தட்டினார். டார்ச்சை அடித்து, “ஏய், போ போ” என்று கத்தினார். அவை நின்றன, பின்வாங்கின, கொஞ்ச தூரம் தள்ளி மறுபடி உள்ளே நுழைந்தன. தாய்ப்பன்றி மூக்கால் மண்ணைக் குத்தியது. ஹெட்ஃபோன் கழுத்தில் தொங்க, பாட்டு கொசு ரீங்காரமாக நெஞ்சருகில் கேட்டுக்கொண்டே இருந்தது. எந்த வரியில் முடியும் என்று தெரியாது. அடுத்த வரியாகவும் இருக்கலாம்.

அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி ரேடியோமேல் வைத்துவிட்டு ஓடினார். மோட்டார் அறைச் சுவரில் கை தடவிச் சுவிட்சை ஏற்றினார். சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது. டார்ச்சை வீசிக்கொண்டு வரப்பில் நடந்து பன்றிகளைச் சுற்றி வளைத்து விரட்டினார். கம்பியில் பட்டது ஒன்று. வீலென்று ஒரு சத்தம். பிறகு சீமைக்கருவேலத்துக்குள் சடசடவென்று ஓட்டம். பிறகு ஒன்றுமில்லை. சில செடிகள் சாய்ந்திருந்தன. கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருந்தது. சாய்ந்தவற்றை நிமிர்த்தி, காலால் மண்ணை அணைத்துவிட்டார்.

வேப்பமரத்தடிக்கு வந்து மூச்சு வாங்க உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டினார். டிக். ஒரு சொல்லின் துண்டு. டிக். ஒன்றுமில்லை. டிக். எதுவோ நீளமாக எழும்பியது. சங்காகவும் இருக்கலாம், அவர் காதுக்குள் ஓடும் ரத்தமாகவும் இருக்கலாம். டிக். மோட்டார் அறை ஐம்பதடி தூரத்தில்தான் இருந்தது. பன்றிகள் பயந்து ஓடிவிட்டன. இப்போது இறக்கினால் உடனே திரும்பி வராது. அவர் எழுந்திருக்கவில்லை. டிக், டிக் என்று விழுகிற அடிகளுக்கு நடுவே இருந்த அந்தச் சின்னச் சின்ன இடைவெளிகளைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு இடைவெளிகளில் எதுவும் வரவில்லை.

ஏரிக்கரைப் பாதையில் தூரத்தில் ஒரு வெளிச்சம் ஆடிக்கொண்டு வந்தது. செல்லாயி.

கரீம் பாஷா எழுந்து போய்ச் சுவிட்சை இறக்கினார். பெட்டி, சின்னுசாமி விட்டுவிட்டுப் போன மாதிரியே இருண்டது. செல்லாயி வந்து அதை ஏற்றுவாள். நாளைக்குச் சின்னுசாமி கேட்டால், பெட்டி அணைந்துதான் கிடந்தது, நான்தான் வந்து போட்டேன் என்று சொல்வாள். சங்கு கேட்டதா என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தார். ஆத்தாயியின் சொம்பைப் போல எதையும் அழுத்தி வைக்காமல், கேட்டுச்சுண்ணா என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

செம்புக் கம்பியை அவிழ்க்கும்முன் பழக்க தோஷத்தில் ஹெட்ஃபோனை ஒருமுறை காதில் வைத்தார்.

பேச்சில்லை, பாட்டில்லை. ஆனால் இரைச்சல் அமுங்கித்தான் இருந்தது. அங்கே நிலையத்தை மூடிவிட்டார்கள். எல்லோரும் எழுந்து போயிருப்பார்கள். ஆனால் யாரோ ஒருவர் இன்னும் மெஷினை அணைக்கவில்லை. சுவிட்சின்மேல் கையை வைத்துக்கொண்டு, இறக்க மனம் வராமல், அந்த அறையில் நின்றுகொண்டிருக்கிறார். இவரும் அசையாமல் நின்றார். வரப்பில் செல்லாயியின் வெளிச்சம் ஒரு பாத்தி, இன்னொரு பாத்தி என்று நெருங்கி வந்துகொண்டிருந்தது. மரவள்ளி இலைகளுக்கு மேலே, கிழக்கே, முழுசாக வந்து சேர்ந்துவிட்ட இருட்டில், அந்த மௌனம் இன்னும் நின்றுகொண்டிருந்தது.